பதினான்கு வீட்டு வாசலில் நின்றவருக்கு

அரியலூர், பெரம்பலூர், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் ஆகிய நான்கு டவுன்களிலும் நடந்துவரும் தேவமாதா பாடசாலைகள் ஆறிலும் இருபது ஆண்டுகள் ஆசிரியராகவும், பதினெட்டு ஆண்டுகள் மேற்பார்வையாளராகவும் அரும்பணி ஆற்றி, இன்று 1948-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி சனிக்கிழமை ஓய்வு பெறுகிற, மகா கனம் பொருந்திய ஏலாக்குறிச்சி ஞா. பிலவேந்திரன் அவர்களின் திருமுன்பு, மேற்படி பாடசாலைகளின் ஆசிரியர்களும் ஆசிரியைகளும் அலுவலகத்தாரும் அன்போடும் பணிவோடும் வாசித்தளிக்கும் மடல்.

அறிவில் ஆன்ற அண்ணலே! கண்டிப்பில் கனிந்த கனவானே! சிவப்புப் பென்சில் ஏந்திய சிங்கமே! கடமையில் கரையாத கற்பாறையே!

இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம். இதே சுருதியில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தோம். ஆனால் இந்த ஆபீசிலிருந்து வெளியே போகிற எந்தக் காகிதமும் அவர் கண்ணில் படாமல் போனதில்லை, இதுவும் தப்பவில்லை. மேசை டிராயரில் ஒளித்து வைத்ததை எடுத்து, கண்ணாடியை மாட்டி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'கற்பாறை' என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "நான் என்ன செத்தா போயிட்டேன், கல்லு வைக்கிறதுக்கு?" என்றார். அதற்கப்புறம் மூன்று பக்கமும் சிவப்பாகிப் போயிற்று.

கடைசியில் இரண்டு நிபந்தனை போட்டார். முதலாவது, "எதிர்ல உட்கார வச்சு 'தாங்கள் தாங்கள்'னு சொன்னா எனக்குக் கூசும். யாரோ ஒருத்தனைப் பத்திப் பேசுற மாதிரி பேசிட்டுப் போங்க" என்றார். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "அந்தத் திங்கட்கிழமையை விட்டுட்டு மடல் வாசிக்கிறதா இருந்தா நான் மேடைக்கு வரல. வேணும்னா மாலையைப் படத்துக்குப் போட்டுக்குங்க."

முப்பத்தெட்டு வருஷம் அவர் பேச்சைக் கேட்டாயிற்று. கடைசி நாளில் மட்டும் மீறி என்ன ஆகப்போகிறது? அதனால் இந்த மடலைக் கேட்பவர்கள் இனிமேல் 'அவர்' என்றால் முன்வரிசையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே, அவரைத்தான் என்று கொள்ளவும்.

எங்கள் பாடசாலைகளை நடத்துவது நாலு பேர் கொண்ட கமிட்டி. மேனேஜர் சவரிமுத்து சாமியார் தலைவர். அரியலூர் பள்ளியின் தலைமை ஆசிரியர் அமிர்தலிங்கம் ஐயா, பெரம்பலூர் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை மரிய புஷ்பம் டீச்சர், மேற்பார்வையாளர் பிலவேந்திரன் ஐயா ஆகிய மூவரும் அங்கத்தினர்கள். சனிக்கிழமை தோறும் அரியலூர் சாமியார் பங்களாவின் முன் அறையில் கூடுவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேரும் 'சரி' என்றால்தான் தீர்மானம். மூன்று பேர் சொன்னால் செல்லாது. தீர்மானப் புத்தகத்தில் யார் சொன்னார், யார் மறுத்தார் என்று எழுதவே மாட்டார்கள். நல்லதோ கெட்டதோ, 'கமிட்டி தீர்மானித்தது' என்று ஒரே வரி. ஒருத்தர் தலையில் பழி விழக் கூடாது, ஒருத்தர் கழுத்தில் மட்டும் மாலையும் விழக் கூடாது என்பது சாமியாரின் எண்ணம். அது நல்ல எண்ணந்தான். பிலவேந்திரன் ஐயா மாதிரி ஒரு ஆளை அந்த அறைக்குள் உட்கார வைத்துவிட்டு இப்படி ஒரு சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

1942 செப்டம்பர் முதல் தேதி, யுத்தத்தை முன்னிட்டு, தேசம் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டது இங்குள்ள பெரியவர்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ரயிலுக்குப் புது மணி, தபாலாபீசுக்குப் புது மணி, கோர்ட்டு கச்சேரிக்குப் புது மணி. கோயில் மணி மட்டும் பழையபடியே அடித்துக்கொண்டிருந்தது. பாடசாலைக்கு எந்த மணி என்று கமிட்டியில் கேள்வி எழுந்தது.

"ஊரோட ஒத்துப் போயிடுவோம் வாத்தியாரே. நாம மட்டும் தனி ராஜ்யமா நடத்துறோம்?" என்றார் சாமியார்.

"கோயில்ல பழைய மணிதானே அடிக்கிறீங்க சாமி?"

"அது பூசைக்கு."

"இது பிள்ளைங்களுக்கு. மார்கழிப் பனி விலகுறதுக்கு முந்தி பொட்டப் பிள்ளைங்க தெருவுல நடந்து வரணுமா? நம்ம பிள்ளைங்க யார் வூட்டுல கடிகாரம் இருக்கு? பொழுதையும் கோயில் மணியையும் பார்த்துத்தானே கிளம்பி வருதுங்க?"

நியாயமான பேச்சுதான். அதனாலேயே மற்றவர்களால் எதிர்த்து நிற்க முடியவில்லை. ஆனாலும் மூன்று சனிக்கிழமை இழுத்தது. முதல் வாரம் மரிய புஷ்பம் டீச்சர் 'சரி' என்றார். இரண்டாம் வாரம் சாமியார் இறங்கினார். மூன்றாம் வாரம் அமிர்தலிங்கம் ஐயா, "எனக்குத் தலை வலிக்குது, எழுதிக்குங்க, நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். கமிட்டி தீர்மானித்தது என்று புத்தகத்தில் ஏறியது. அன்று முதல் எங்கள் ஆறு பாடசாலைகளும் பழைய மணிக்கு நடந்தன.

இதனால் ஒரு வேலை கூடிப்போயிற்று. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு காகிதத்திலும் புது மணி போட்டிருக்கும். அதை அடித்துவிட்டு ஒரு மணி குறைத்துப் பள்ளி மணியை எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வருகிறார் என்றால் எங்களுக்குப் பத்து. அந்த வேலையை ஐயா யாரிடமும் விடவில்லை. இந்த மடலை எழுதுகிற குமாஸ்தா உத்திராபதி கேட்டுப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பெரம்பலூரிலிருந்து மரிய புஷ்பம் டீச்சர் மட்டும், ஐயாவுக்குச் சிரமம் குறையட்டுமே என்று, தம் பள்ளிக்கு வருகிற கடிதங்களில் தாமே மணியை மாற்றி, சுத்தமாகப் பிரதி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் பிப்ரவரி மாதம் ஒருநாள் ஐயா அதைக் கண்டுபிடித்துவிட்டார். கமிட்டி அறையிலேயே டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"இது யார் மாத்தினது?"

"நான்தான் சார். உங்களுக்கு வேலை குறையுமேன்னு..."

"ஒரு கைதான் மாத்தணும் டீச்சர். ரெண்டு கை மாத்தினா ரெண்டு மணி குறைஞ்சு போயிடும், தெரியுமா? வந்தது வந்தபடி எனக்கு அனுப்புங்க. மாத்துறது என் வேலை."

"சரிங்க சார்" என்றார் டீச்சர். முகம் சுண்டிப் போயிற்று. இருபது வருஷம் பாடம் நடத்தினவரை மற்றவர்கள் முன்னால் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். இதை அவர் எதிரிலேயே சொல்கிறோம். ஏன் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷந்தான் பெரம்பலூர்ப் பெண்கள் பள்ளியிலிருந்து முதல் முதலாக எட்டாம் வகுப்பு பொதுப் பரீட்சைக்குப் பிள்ளைகள் போவதாக இருந்தது. பதினான்கு பெண்கள். அந்தப் பள்ளியை ஒரு நெல் குடோனில் ஏழு பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தவர் பிலவேந்திரன் ஐயா. பெரிய மனுஷியானதும் நிறுத்திவிடுவோம் என்ற வீடுகளில் எல்லாம் போய்ப் பேசி, வாசலில் உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒவ்வொரு வகுப்பாக ஏற்றி அந்தப் பதினான்கு பேரை எட்டாவது வரைக்கும் கொண்டுவந்திருந்தார். பாஸானால் டீச்சர் டிரெயினிங் போகலாம். பாஸாகாவிட்டால் ஆவணிக்குள் கல்யாணம். நடுவில் வேறு வழி எதுவும் அந்தப் பெண்களுக்கு இருக்கவில்லை.

பரீட்சை நடக்கிற இடம் அரியலூரில். காலை பத்து மணிக்கு ஆரம்பம் என்று அறிவிப்பு வந்தது. மரிய புஷ்பம் டீச்சர் அதைத் தம் கையால் பிரதி எடுத்து, 'காலை 10 மணி' என்று வந்தது வந்தபடி எழுதி, ஐயாவுக்கு அனுப்பினார். ஐயா அதைப் பார்த்தார். டீச்சர் கையெழுத்து, சுத்தமான பிரதி, வழக்கம்போல மாற்றித்தான் எழுதியிருப்பார், புது மணி பதினொன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். திட்டினவர் மறந்து போனார். திட்டு வாங்கினவர் மறக்கவில்லை. அந்தப் பத்து, பள்ளி மணிக்கு ஒன்பது என்று மாறாமல், அப்படியே நின்றுவிட்டது.

தவக்காலத்து முதல் திங்கட்கிழமை, 1943 மார்ச் பதினைந்து. பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ் ஒன்றை ஏற்பாடு பண்ணி, பள்ளி மணி ஏழுக்குப் பெரம்பலூரில் கிளம்பினார்கள். ஐயாவும் ஒரு ஆயாவும் கூட வந்தார்கள். வழியில் கரி போட பஸ் இருபது நிமிஷம் நின்றது. அரியலூர் வந்து சேரும்போது ஐயாவின் பையில் இருந்த கடிகாரத்தில் ஒன்பது பத்து. பரீட்சைக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது என்று அவருக்குப் பரம திருப்தி.

மதிலுக்கு வெளியே ஒரு புளியமரம். பிள்ளைகளை அங்கே உட்கார வைத்து, கொண்டுவந்த இட்லியை எடுத்துச் சாப்பிடச் சொன்னார். ஜெகதாம்பாள் என்று ஒரு பெண். வண்டிக்காரர் கண்ணையன் மகள், வகுப்பில் முதல். அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"சார், வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒருத்தரையும் காணோமே சார்?"

"நாமதாம்மா முதல்ல வந்திருக்கோம்" என்றார் ஐயா பெருமையாக.

"உள்ளாற வராந்தாவுல தூக்குவாளியெல்லாம் வரிசையா இருக்குது சார்."

"அது அங்க படிக்கிற பிள்ளைங்களோடதா இருக்கும். நீ சாப்பிடு, பசியோட எழுதினா கை நடுங்கும்."

சாப்பிட்டு முடித்ததும் ஜெபமாலையில் பத்து ஜெபம் சொன்னார்கள். வேதக்காரப் பிள்ளைகள் சொல்ல, மற்றப் பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிதானமாகக் கை கழுவி, பேனாவில் மை பார்த்து, ஒன்பதே முக்காலுக்கு வரிசையாக அழைத்துக்கொண்டு உள்ளே போனார். பரீட்சை அறைக் கதவு சாத்தியிருந்தது. மையத்தின் தலைவர் வெளியே வந்தார்.

"என்னங்க இது, மணி பத்தே முக்கால் ஆகுது! பத்தரைக்கு மேல யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவுங்க."

ஐயா பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். ஒன்பதே முக்கால். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுதுங்க. என்னை எது வேணா பண்ணுங்க. பிள்ளைங்களை மட்டும் விட்டுடுங்க." அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கண் கலங்கிப் போயிற்று. ஆனால் அவர் கையில் இருந்தது உத்தரவு. முதல் தாள் எழுதாவிட்டால் மற்றத் தாள்கள் எழுதியும் பிரயோஜனம் இல்லை. வந்தது புது மணி பத்தேகாலுக்குள். நேராக உள்ளே போயிருந்தால் பதினான்கு பேரும் எழுதியிருப்பார்கள். கதவு சாத்தும்போது அவர்கள் மதிலுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பதின்மூன்று பெண்கள் அழுதார்கள். ஜெகதாம்பாள் அழவில்லை.

அடுத்த சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமையே கமிட்டி கூடியது. பெற்றவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் பேச்சு.

"வழியில பஸ் நின்னுபோச்சுன்னு சொல்லுவோம்" என்றார் அமிர்தலிங்கம் ஐயா. "பொய்யில்லையே? நின்னுச்சுல்ல? கரி பஸ்ஸுன்னா யாரும் மறு கேள்வி கேக்கப் போறதில்ல. மணியை நாமளே கோட்டை விட்டோம்னு சொன்னா, ஒரு வூட்டுலயும் பொண்ணை அனுப்ப மாட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்."

சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடம் போச்சுன்னா பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கும் போச்சு வாத்தியாரே" என்றார் மெதுவாக.

மரிய புஷ்பம் டீச்சர் அழுதுகொண்டே, "நான் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், மாத்தலைன்னு. ரோஷத்துல விட்டுட்டேன். தப்புல எனக்கும் பங்கு இருக்கு. ஆனா பள்ளிக்கூடத்தை மூட விடக் கூடாது சார்" என்றார்.

"உங்களை மாத்தாதீங்கன்னு சொன்னது யாரு? நான். பழைய மணின்னு மூணு வாரம் நின்னது யாரு? நான். மரத்தடியில உட்கார வச்சது யாரு?" என்றார் ஐயா. "அந்தப் பொண்ணு ரெண்டு தரம் கேட்டுச்சு சாமி. ரெண்டு தரமும் நான் வாயை அடைச்சேன். இப்ப போய் பஸ்ஸு மேல பழியைப் போட்டா அந்தப் பொண்ணு நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?"

மூன்று பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நாலு பேரும் சரி என்றால்தான் தீர்மானம். புத்தகத்தில் அன்றைய பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் ஆபீசுக்கு வந்து பார்க்கலாம். தீர்மானம் இல்லாததால் அவரைத் தடுக்கவும் யாருக்கும் அதிகாரம் இல்லை. புதன்கிழமை காலையில் பெரம்பலூருக்குப் போய்விட்டார்.

பதினான்கு வீடு. ஒரு வீட்டையும் விடவில்லை. வாசலில் நின்றபடியே, "பஸ்ஸு தாமதம் இல்லீங்க. மணியை நான் தப்பாப் பார்த்துட்டேன். உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. ஒரு வருஷம் பொறுத்து மறுபடி அனுப்புங்க" என்று சொன்னார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் பெண்ணின் தாயார் அவர் காது கூசும்படி ஏசிவிட்டு, அப்புறம் மோர் கொடுத்தார். ஒரு அப்பா மட்டும், "நேர்ல வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்காக அனுப்புறேன்" என்றார். அவர் அனுப்புகிறார் என்று தெரிந்ததும் பக்கத்துத் தெருவில் இருவர் மனம் மாறினார்கள்.

கண்ணையன் வீட்டுக்குக் கடைசியாகப் போனார். கண்ணையன் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கேட்டார்.

"உண்மையைச் சொன்னீங்க. உட்காருங்க" என்றார். "பொண்ணை அனுப்பச் சொல்றதா இருந்தா எழுந்து போயிடுங்க. திருமானூர்ல இடம் பார்த்தாச்சு. பாஸாயிட்டா படிக்க வைக்கிறேன்னு வாக்குக் குடுத்தேன். பாஸாகலையே?"

ஐயா உள்பக்கம் பார்த்து, "ஜெகதாம்பா, என்னை மன்னிச்சுடும்மா" என்றார். அவள் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் கேட்டேன்ல சார்."

அவ்வளவுதான் சொன்னாள்.

பதினொரு பெண்கள் திரும்பி வந்தார்கள். மறு வருஷம் பத்துப் பேர் பாஸ். அவர்களில் நாலு பேர் இன்று எங்கள் பாடசாலைகளிலேயே ஆசிரியைகள். இந்த மடலின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வராத மூவரில் ஒருத்தி அப்பாவோடு சேலம் போய் அங்கே பாஸ் பண்ணிவிட்டாள். இன்னொருத்தி கல்யாணமாகிச் சந்தோஷமாக இருக்கிறாள். பரீட்சை போனதே நல்லதாயிற்று என்று ஐயாவைப் பார்த்தால் சிரிப்பாள். மூன்றாமவள் ஜெகதாம்பாள். திருமானூரில் கரும்புக்காரர் இளையபெருமாளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

நவம்பர் மாதம் தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பப் பாரம் வரும். வந்த வாரமே ஐயா ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருமானூர் பஸ் ஏறுவார். முதல் வருஷம் மாமியார் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் வருஷம் கைக்குழந்தை என்றார்கள். மூன்றாம் வருஷம் வீடு பூட்டியிருந்தது. நாலாம் வருஷம் ஜெகதாம்பாளே வெளியே வந்து, தண்ணீர் கொடுத்தாள், பாரத்தைத் தொடவில்லை. போன வருஷம், "வேண்டாம் சார்" என்றாள். யுத்தம் முடிந்தது. இரண்டு மணியும் பழையபடி ஒரே மணியாயின. சுதந்திரமும் வந்தது. அந்த ஒரு பாரம் மட்டும் அவர் சட்டைப் பையோடு போய் சட்டைப் பையோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

இந்த நவம்பரில் அவர் போகவில்லை. மரிய புஷ்பம் டீச்சர் கேட்டதற்கு, "மன்னிப்புக் கேக்கப் போறேன்னுதான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன் டீச்சர். ஆறிக்கிட்டிருக்கிற புண்ணை வருஷா வருஷம் போய்க் கிளறிட்டு வரேன். ரிடையர் ஆகப்போறேன், இனிமேலாவது அதை நிம்மதியா விட்டுடுறேன்" என்றார். அன்று முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை. கமிட்டி கூடியிருந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு, பஸ்ஸில் வந்த தூசி முகத்தோடு, ஒரு பெண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "பிலவேந்திரன் சாரைப் பாக்கணும்" என்றாள். கமிட்டி நடக்கும்போது யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். குமாஸ்தா சட்டத்தை மறந்து, அவளை நேராக உள்ளே அழைத்துக்கொண்டு போனான்.

அவளைக் கண்டதும் ஐயா எழுந்து நின்றுவிட்டார்.

"பாரம் வந்திருக்கும்ல சார்?" என்றாள் ஜெகதாம்பாள்.

"வந்திருக்கும்மா."

"வருஷா வருஷம் கொண்டாந்து நிப்பீங்க. இந்த வருஷம் ஏன் வரல?"

ஐயா வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். "அஞ்சு வருஷமா உங்களைப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும் சார். இந்த வருஷம் வரலைன்னதும் அதைவிடக் கோவம் வந்துச்சு. பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்துல இடம் கேக்கப் போயிருந்தேன். அம்மா என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டாங்க. எட்டாவதுன்னேன். பாஸான்னாங்க. என்னன்னு சொல்றது? பிள்ளைங்க அப்பாகிட்ட சொன்னேன், எழுதித்தான் பாரேன்னுட்டாரு. பாரத்தைக் குடுங்க."

"இந்தாம்மா, இந்தா" என்று ஐயா மேசையைத் துழாவினார். அமிர்தலிங்கம் ஐயாதான் எடுத்துக் கொடுத்தார். எட்டாவது விட்டு ஐந்து வருஷம் ஆயிற்றே, பாடமெல்லாம் மறந்திருக்குமே என்று சாமியார் கேட்டார்.

"மறந்துதான் போச்சு சாமி. சார் ரிடையர் ஆவறாராமே, சும்மாத்தானே இருக்கப் போறாரு? திருமானூருக்கு வந்து சொல்லிக் குடுக்கட்டும்."

"வரேம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை வரேன். தினமும் வேணாலும் வரேன்" என்றார் ஐயா. முகமெல்லாம் தண்ணீர். "பரீட்சை அன்னைக்கும் நானே வந்து பக்கத்துல இருந்து கூட்டிட்டுப்..."

"வேணாம் சார்" என்றாள் ஜெகதாம்பாள். "பாடத்தை மட்டும் நீங்க பாருங்க. நேரத்தை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ஐந்தரை வருஷத்துக்கு அப்புறம் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி குலுங்கினார்.

பெருந்தகையீர்! நிபந்தனையை நிறைவேற்றிவிட்டோம், இனி ஒரு நிமிஷம் எங்களுக்குக் கொடுங்கள். தாங்கள் திறந்த பள்ளிகளைச் சொன்னால் ஊர் அறியும். தாங்கள் ஏற்றிய விளக்குகளை எண்ணினால் இரவு போதாது. ஆனால் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், பிள்ளைகளிடம் தப்பு செய்தால் தலை குனிந்து நின்று ஒப்புக்கொள்ளலாம், அதனால் வாத்தியார் சிறுத்துப் போவதில்லை என்பதைத் தங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். அந்தப் பதினான்கு வாசல்களில் ஒரு வாசலையாவது தாங்கள் தாண்டிப் போயிருந்தால், இன்று நாங்கள் இவ்வளவு அன்போடு இங்கே நிற்க மாட்டோம்.

எல்லாம் வல்ல இறைவனும் தேவமாதாவும் தங்களுக்கும் தங்கள் துணைவியார் அற்புதம்மாள் அவர்களுக்கும் குன்றாத உடல்நலமும் குறையாத ஆயுளும் அருள மன்றாடுகிறோம். முதலில் வரும் மார்ச் மாதம் வரையில் காய்ச்சல் தலைவலி ஒன்றும் அண்டக் கூடாது. தங்கள் மாணவிக்குக் கணக்கில் இன்னும் வட்டிப் பாடம் வரவில்லை என்று கேள்விப்பட்டோம். அதன் பிறகும் பல்லாண்டு வேண்டும். அந்த மாணவியின் பெரிய பெண் வருகிற ஜூனில் பள்ளியில் சேர்கிறாள்.

பரீட்சையன்று மட்டும் தாங்கள் அரியலூர்ப் பக்கமே தலை காட்டக் கூடாது என்பது மாணவியின் உத்தரவு. நாலு பேரும் சரி என்றார்கள், தாங்களும் ஒருவர். கமிட்டி தீர்மானித்துவிட்டது.

இங்ஙனம்,
தங்கள் அன்பை மறவாத,
தேவமாதா பாடசாலைகளின் ஆசிரியர்கள், ஆசிரியைகள், அலுவலகத்தார்.
அரியலூர், 18-12-1948.